கால்வாய்க் கரையா, கடைத்தெருவா

அந்த நகரத்துச் சாலைகளில் எங்கே எந்தக் கோடு விழ வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு பெண்ணின் வேலையாக இருந்தது. பேருந்து நிறுத்தத்தின் மஞ்சள் கட்டம், பள்ளிக்கூட வாசலில் நடந்து கடப்பவர்களுக்கான வெள்ளைப் பட்டைகள், 'இங்கே வண்டியை நிறுத்தித்தான் பாரேன்' என்று மிரட்டும் இரட்டைக் கோடு எல்லாம் முதலில் அவள் மேசையில் பென்சிலில் பிறந்து, அதற்கப்புறம்தான் தாருக்கு இறங்கும். பதினெட்டு வருஷமாக இதே வேலை. அதனால் நகராட்சி அலுவலகத்தில் வாசல் காவலாளியிலிருந்து தலைமைப் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவள் கோடம்மாதான். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை தலைமைப் பொறியாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டு ஒரு கோப்பைத் தள்ளினார்.

"சைக்கிள் பாதை. ரயில் நிலையத்துல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், மூணு கிலோமீட்டர். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணுக்குத்தான் அனுமதி. எதுன்னு மூணு வாரத்துல அறிக்கை குடுங்க."

இரண்டு வழியும் அவளுக்கு உள்ளங்கை மாதிரி தெரிந்தவை. ஒன்று, கால்வாயின் கரை. ஊரின் முதுகுப்பக்கமாக வளைந்து போகும் மண்பாதை. மரநிழல் உண்டு, வாத்துகள் உண்டு, ஒரு மோட்டார் வண்டி கிடையாது. இன்னொன்று, பெரிய கடைத்தெரு. இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்கு முன்னால் வரிசையாகக் கார்கள், நடுவில் பேருந்தும் லாரியும் ஒன்றை ஒன்று உரசாத குறையாகப் போகும் சாலை. அங்கே சைக்கிளுக்கு இடம் ஒதுக்கினால் கார்கள் நிற்கும் இடத்தில் பாதி போய்விடும்.

"கால்வாய்க் கரைன்னா எதிர்ப்பு தெரிவிக்க வாத்துங்க மட்டும்தான் இருக்கு" என்றார் தலைமைப் பொறியாளர். "நான் இன்னும் நாலு மாசத்துல ஓய்வு பெறப் போறேன், கோடம்மா. நிம்மதியா வீட்டுக்குப் போக விடுங்க."

"சார், ஒண்ணு சொல்லிடறேன். கடைத்தெருவுல எங்க அண்ணன் மெத்தைக்கடை வச்சிருக்கார். என் நாத்தனார் ஆஸ்பத்திரியில நர்ஸ். தினமும் சைக்கிள்லதான் போறா. நான் இதை எழுதினா நாளைக்கு யாராவது ஏதாவது சொல்லுவாங்க."

"இந்த ஊர்ல யாருக்கு யார் சொந்தம் இல்ல? முதல் பக்கத்துலயே அதை எழுதிடுங்க. முடிஞ்சுது."

அவளுக்கும் கால்வாய்க் கரைதான் சரியென்று பட்டது. யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம், அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டாம், ஒரே வாரத்தில் எழுதி முடித்துவிடலாம். அன்று மத்தியானமே தாளை எடுத்துக் கரையோரமாக ஒரு பச்சைக் கோட்டை வரைந்து பார்த்தாள். அழகாகவே இருந்தது.

ஆனால் செய்தி அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் கதவைத் திறந்தபோது அண்ணன் கூடத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். எதிர்ச் சோபாவில் நாத்தனார், ஆஸ்பத்திரிச் சீருடைகூட மாற்றாமல். இரண்டு பேருக்கும் நடுவில் கணவர் காபிக் கோப்பையோடு நின்றார். கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்துப் பார்ப்பவர் அவர். எந்த விவகாரத்திலும் 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"வா தங்கச்சி" என்றான் அண்ணன். "எங்க தெருவை அறுத்துக் கூறு போடப் போறியாமே?"

"இன்னும் எதுவும் முடிவாகலண்ணா."

"என் கடை வாசல்ல ஒரு நேரத்துல பதினோரு வண்டி நிக்கும். அதை எடுத்துட்டா வர்றவன் எங்க நிறுத்துவான்? மெத்தை வாங்க வர்றவன் அதைத் தலையில வச்சுக்கிட்டா சைக்கிள் ஓட்டுவான்?"

"பதினோரு வண்டியும் வாடிக்கையாளரோடதா, கடைக்காரரே?" என்று நாத்தனார் குறுக்கே விழுந்தாள். "நான் தினமும் பாக்கறேன். காலையில ஏழு மணிக்கு நிக்கற அதே வண்டிதான் சாயங்காலமும் நிக்குது. அதுல ரெண்டு உங்களோடது."

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கணவர் காபியைக் கலக்க ஆரம்பித்தார். அதில் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

"சண்டையே வேண்டாம்" என்றாள் கோடம்மா. "நான் கால்வாய்க் கரையைத்தான் நினைச்சிருக்கேன். நிழல் இருக்கு, வண்டி கிடையாது, பத்திரம். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்."

அண்ணனின் முகம் மலர்ந்தது. நாத்தனாரின் முகம் மலரவில்லை.

"அண்ணி, கரை நல்லாத்தான் இருக்கும். நீங்க அதுல சைக்கிள்ல போய்ப் பாத்தீங்களா?"

"போகல."

"சரி, தெருவுல?"

கணவருக்கு விஷயம் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். பதினெட்டு வருஷமாகச் சாலையில் கோடு போடுகிறவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவள் வளர்ந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அது அண்ணனின் காலுக்கு நடுவிலிருந்து அவளிடம் வரவே இல்லை.

முதலில் சிரித்தது அண்ணன்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். நாத்தனாரும் சிரித்துவிட்டாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் ஆடியது. கோடம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "ஏய், உன் சைக்கிளைக் குடு. கத்துக்கறேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துக் காலி மைதானத்தில் பாடம் ஆரம்பித்தது. நாத்தனார் செய்த முதல் காரியம் ஒரு ஸ்பேனரை எடுத்து இரண்டு பெடலையும் கழற்றியது. அடுத்தது, சீட்டைத் தாழ்த்தியது.

"பெடல் இல்லாம எப்படி ஓட்டறது?"

"இப்ப ஓட்டப் போறதில்ல அண்ணி, உருளப் போறீங்க. காலால தரையைத் தள்ளுங்க, காலைத் தூக்குங்க. எலும்பு முறிவு வார்டுல ஆறு வருஷமா வேலை பாக்கறேன். யாரு எப்படி விழுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

முதல் நாள் வாத்து நடக்கிற மாதிரி நடந்தாள். இரண்டாம் நாள் சுவரை நோக்கிப் போனாள், சுவரும் அவளை நோக்கி வந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் முழங்கை சிராய்த்தது. நாத்தனார் தன் பையிலிருந்தே பஞ்சும் மருந்தும் எடுத்துப் போட்டாள். நான்காம் நாள் காலை, தள்ளிவிட்டுக் காலைத் தூக்கியவள் தூக்கியபடியே மைதானத்தின் முக்கால் தூரம் போய்விட்டாள். காற்று காதில் உரசியது. 'ஐயோ' என்று கத்தினாள், ஆனால் அது பயந்து கத்தியது இல்லை. ஆறாம் நாள் பெடல் திரும்பி வந்தது. பத்தாம் நாள், கணவர் விடுப்புப் போட்டு வந்து பார்த்தார். மைதானத்தில் அவள் எட்டுப் போட்டுக் காட்ட, அவர் கைதட்டிக்கொண்டே நின்றார். அவள் கை அசைக்கலாம் என்று ஒரு கையை விட்டபோது மட்டும் தட்டுவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை கோடம்மா கால்வாய்க் கரையில் முதல் சவாரி போனாள்.

அப்படி ஒரு காலையை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. மரத்துக்கு மரம் வெயில் சொட்டியது. தண்ணீரில் வாத்துகள் அவளோடு போட்டி போடுகிற மாதிரி கொஞ்ச தூரம் நீந்தி வந்தன. எதிரே ஓடிவந்த ஒரு பெரியவர் "நல்லா மிதிங்க!" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது. இதை விட்டுவிட்டு யாராவது பேருந்துப் புகையில் போவார்களா என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில்தான் ஒரு சின்னச் சிக்கல். ஆஸ்பத்திரி மேட்டில் இருந்தது, கால்வாய் பள்ளத்தில். ஏறிப் போக பத்தொன்பது படிகள். சைக்கிளைத் தோளில் சுமந்து ஏறியதில் மூச்சு வாங்கியது. ஏறி முடித்தால், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் பூட்டு தொங்கியது.

'சாய்தளம் கட்டிவிடலாம், பூட்டைத் திறந்துவிடலாம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். பொறியாளருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

ஆனால் பதினெட்டு வருஷப் பழக்கம் விடாது. எதையும் எண்ணிப் பார்க்காமல் அவளால் அறிக்கை எழுத முடியாது. திங்கட்கிழமை மத்தியானம் வேலை மாறும் நேரத்தில் ஆஸ்பத்திரியின் முன்வாசலில் அட்டையும் பென்சிலுமாகப் போய் நின்றாள். சைக்கிளில் வந்து இறங்கியவர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் கால்வாய்ப் பக்கமாக வந்தவர்கள் ஐந்து பேர். மீதி அத்தனை பேரும் கடைத்தெரு வழியாகத்தான் வந்தார்கள். அதுவும் எப்படி? முகம் இறுகி, தோள் விறைத்து, யாரோ துரத்துகிற மாதிரி.

ஆஸ்பத்திரிச் சமையல்கார அம்மாளை நிறுத்திக் கேட்டாள்.

"கரையில வரலாமே, எவ்வளவு அமைதியா இருக்கும்?"

"அமைதிதான் பிரச்சினையே" என்றாள் அந்த அம்மாள். "வேலை முடிஞ்சு எட்டு மணிக்குக் கிளம்பறேன். அந்நேரம் அங்க நானும் காத்தும்தான். பின்னால ஒரு சத்தம் கேட்டா திரும்பித் திரும்பிப் பாக்கணும். தெருவுல பஸ் இடிச்சிடுமோன்னு பயம்தான், ஆனா நாலு பேர் கண்ணு முன்னால இருக்கோம்ல?"

ரத்தப் பரிசோதனைக் கூடத்து இளைஞர் வேறு காரணம் சொன்னார். "காலையில பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விடணும். போறப்ப ரொட்டி வாங்கணும், வர்றப்ப தையல்கடையில துணி. இதுல எது கால்வாய்க் கரையில இருக்கு, சொல்லுங்க?"

தரை துடைக்கும் தாத்தா இரண்டே வார்த்தையில் முடித்தார். "மழை. சேறு."

நாத்தனார் வெளியே வந்தபோது கோடம்மா அட்டையை நீட்டினாள். "நீகூடத் தெருவுலதான் வர்றியா?"

"வெளிச்சம் இருந்தா கரை. பொழுது சாஞ்சா தெரு. இதைத்தான் அண்ணி அன்னிக்கே கேட்டேன், ஓட்டிப் பாத்தீங்களான்னு. தெருவுலயும் ஒரு தடவை போய்ட்டு வாங்க. அப்புறம் நீங்க என்ன எழுதினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, தலைக்கவசத்தின் வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கோடம்மா கடைத்தெருவில் இறங்கினாள். தானே அளந்து தானே வரைந்த தெரு. ஆனால் மேசையில் மூன்று விரற்கடை இருந்த தெரு, சைக்கிள் மேலிருந்து பார்த்தால் முடிவே இல்லாமல் நீண்டது. பின்னால் ஒரு பேருந்து மூச்சு விட்டுக்கொண்டே வந்தது. அது அவளை முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. இடப்பக்கம் நிறுத்தியிருந்த கார்கள். வலப்பக்கம் போகும் கார்கள். நடுவில் அவளுக்கென்று மிச்சமிருந்தது ஒரு கதவின் அகலம்தான்.

அந்தக் கதவும் திறந்தது.

கண்ணெதிரே ஒரு வெள்ளை வேனின் கதவு படீரென்று விரிய, அவள் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை ஒடித்தாள். நின்ற கார்களுக்கு இடையில் ஒரு சந்து கிடைத்தது. சைக்கிள் அதில் நுழைந்து, நடைபாதை விளிம்பில் மோதி நின்றது. அவள் நிற்கவில்லை. பறந்தாள். பறந்த வழியில் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய மெத்தையை நிமிர்த்திப் பிடித்துக் கடைக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அதில் போய்ப் 'பொத்'தென்று விழுந்தாள். மெத்தையும் அவளும் இரண்டு ஆட்களும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

"கண்ணு தெரியல? பாத்து வர மாட்டே?" என்று கத்திக்கொண்டே வேனிலிருந்து ஒருவன் குதித்து ஓடிவந்தான். வந்தவன் தலைக்கவசத்துக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்து அப்படியே சிலையானான்.

"நீயா?"

"நான்தாண்ணா" என்றாள் கோடம்மா, மெத்தை மேல் மல்லாந்தபடி. "மெத்தை நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் சிரிக்கவில்லை. அவளைக் கைத்தாங்கலாக எழுப்பி, கடைக்குள் காட்சிக்கு வைத்திருந்த கட்டிலில் உட்கார வைத்தான். கையை மடக்கச் சொன்னான், நீட்டச் சொன்னான், விரலை எண்ணச் சொன்னான். ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் கொண்டுவந்தான்.

"கதவைத் திறந்தது நான்தான்" என்றான். "பின்னால திரும்பியே பாக்கல. ஒரு நாளைக்கு இருபது தடவை திறக்கறேன். ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

"போன மாசம் ரொட்டிக்கடை அக்கா இதே மாதிரி தப்பிச்சாங்க, முதலாளி" என்றான் மெத்தை தூக்கியவர்களில் ஒருவன். "நீங்க அப்ப அவங்களைத்தான் திட்டினீங்க."

"நீ போய் வேலையைப் பாரு" என்றான் அண்ணன். ஆனால் குரலில் சுரத்து இல்லை.

கட்டிலில் அவள் பக்கத்தில் அவனும் உட்கார்ந்தான். "சரி. தெருவுலயே போடு. ஆனா கேக்கறேன், என் சரக்கு வண்டி எங்க நிக்கும்? காத்துலயா?"

அது நியாயமான கேள்வி. "நாளைக்குக் காலையில கடை திறக்கறதுக்கு முன்னால அளவு நாடாவோட வரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணனும் தங்கையும் காலித் தெருவின் குறுக்கே நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாடாவின் ஒரு முனையை அண்ணன் பிடிக்க, அவள் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொண்டே போனாள். தெரு பதினான்கு மீட்டர். பேருந்தும் லாரியும் எதிரெதிரே போக வேண்டியது கழிந்தால் மீதி ஏழு மீட்டர். சைக்கிளை நடைபாதையை ஒட்டிப் போக விட்டு, நிற்கும் கார்களை அதற்கு வெளியே தள்ளிவிட்டால், போகிற வண்டிகளுக்கும் சைக்கிளுக்கும் நடுவே கார்களே மதிலாக நிற்கும். கதவு திறந்தால் இடிக்காத அளவுக்கு இடையில் முக்கால் மீட்டர் விட வேண்டும். ஆனால் கார் நிற்க ஒரே பக்கம்தான் இடம் மிஞ்சியது. ஒரு குறுக்குத்தெரு வரை இந்தப் பக்கம், அடுத்த குறுக்குத்தெரு வரை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தாள்.

"என் கடை முன்னால எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டான் அண்ணன்.

"அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பஸ் நிக்கற இடம் இருக்கு, மாத்த முடியாது."

"அப்ப எனக்கு எத்தனை வண்டி?"

"ஒண்ணும் இல்லண்ணா. காலையில பத்து மணி வரைக்கும் சரக்கு இறக்க ஒரு கட்டம் போட்டுத் தரேன்."

அண்ணன் நாடாவைக் கீழே போட்டான். "கூடப் பிறந்தவன்னு ஒரு வண்டிக்காவது மனசு வந்துச்சா உனக்கு?"

"கூடப் பிறந்ததாலதான் வரல. உனக்கு மட்டும் விட்டா ஊரே என்ன சொல்லும்?"

அவன் முறைத்துக்கொண்டு கடையைத் திறக்கப் போனான். பாதி வழியில் திரும்பி வந்தான். "இதெல்லாம் சுண்ணாம்புல நல்லாத்தான் இருக்கு. ஒரு வாரம் நிஜமாவே பண்ணிப் பாரு. அதுக்கப்புறம் நான் ஒத்துக்கறேன், இல்ல சண்டைக்கு வரேன்."

அந்த யோசனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தலைமைப் பொறியாளர் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார், அப்புறம் அறிக்கைக்கு இன்னும் இரண்டு வாரம் தந்து, போக்குவரத்துக் காவல் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆனால் தடுப்புக்கு வைக்கும் கூம்புகள் கிடங்கில் நாற்பதுதான் இருந்தன. மற்றதெல்லாம் பாலம் பழுதுபார்க்கப் போயிருந்தன. மூன்று கிலோமீட்டருக்கு நாற்பது கூம்பு எந்த மூலைக்கு?

"என்கிட்ட பழைய மெத்தை இருக்கு" என்றான் அண்ணன் போனில். "புதுசு வாங்கறவங்க திருப்பிக் குடுத்தது. கிடங்கு நிறைய. சுருட்டிக் கட்டி, மேல பிளாஸ்டிக் சுத்தித் தரேன். வண்டி மோதினாக்கூட யாருக்கும் வலிக்காது."

"கடைப் பேரை எழுதக் கூடாது."

"சின்னதா ஓர் ஓரத்துல..."

"கூடாதுண்ணா."

அப்படித்தான் அடுத்த திங்கட்கிழமை ஊர் கண் விழித்தபோது, கடைத்தெரு நெடுகச் சுருட்டிய மெத்தைகள் வரிசையாகப் படுத்திருந்தன. முதல் நாள் ஒரே கூத்து. பாதிக் கார்கள் சைக்கிளுக்கு ஒதுக்கிய இடத்திலேயே போய் நின்றன. காவலர் விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப்போனார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு யாரோ ஒரு கட்டடத் தொழிலாளி ஒரு மெத்தையின் மேல் சாய்ந்து சுகமாக உறங்கிவிட்டார், அவரை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. புதன்கிழமை மழை அடித்தது. பிளாஸ்டிக் கிழிந்த ஏழு மெத்தைகள் எருமை மாதிரி ஊதிவிட்டன. அவற்றை நகர்த்த ஆறு பேர் வேண்டியிருந்தது. அதில் தலைமைப் பொறியாளரும் ஒருவர். காலணிக்கடைக்காரர் தன் வாசலில் நின்று, "இது உருப்படவா போகுது?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் கோடம்மா ஒவ்வொரு நாளும் எண்ணினாள். பரிசோதனை தொடங்குவதற்கு முந்திய வாரம் ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து சைக்கிள்கள். திங்கட்கிழமை நூற்று முப்பது. மழையடித்த புதன்கிழமைகூட நூற்றைம்பது. வெள்ளிக்கிழமை முந்நூறைத் தாண்டியது. எண்ணிக்கையைவிட அவளுக்கு ஆச்சரியம் தந்தது முகங்கள். தோளை விறைத்துக்கொண்டு வந்தவர்கள் இப்போது பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே வந்தார்கள். சமையல்கார அம்மாள் ஒரு கையால் வணக்கம்கூடச் சொன்னாள். ரத்தப் பரிசோதனைக்காரரின் பெண், இதுவரை அப்பாவின் கேரியரில் உட்கார்ந்து வந்தவள், தன் சொந்தச் சைக்கிளில் அவருக்கு முன்னால் மணியடித்துக்கொண்டே போனாள்.

அண்ணன் அந்த வாரம் முழுக்கக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், குறை கண்டுபிடிக்க. சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தான்.

"ஒரு விஷயம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. பஸ்ஸுக்குப் பயந்து இந்தப் பக்கமே வராத ஆளுங்க எல்லாம் கடை வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாக்கறாங்க. கார்ல போறவன் எவனும் எட்டிப் பாத்ததில்ல."

"அப்ப ஒத்துக்கறியா?"

"அந்தச் சரக்குக் கட்டம் பத்து மணி வரைக்கும் பத்தாது. பதினொண்ணு."

"பத்தரை."

"சரி, பத்தரை."

அனுமதி தர வேண்டிய நகராட்சிக் குழுவின் கூட்டத்தில் ஏழு உறுப்பினர்கள். கோடம்மா எழுந்து நின்று, முதல் பக்கத்தை முதலில் படித்தாள். அண்ணனின் கடை, நாத்தனாரின் வேலை, இரண்டையும் மறைக்காமல். பிறகு எண்களைச் சொன்னாள், ஆஸ்பத்திரி வாசலில் கேட்டதைச் சொன்னாள், மெத்தையில் விழுந்ததையும் சொன்னாள். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மூத்த உறுப்பினர் மட்டும் கால்வாய்க் கரையின் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இவ்வளவு அழகான வழியை விட்டுட்டு அந்தப் புகையிலயா போகச் சொல்றீங்க?"

"அழகுதான் ஐயா, நானும் அதுல மயங்கினேன்" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமைக்கு அது போதும். அந்தப் படியில ஒரு சாய்தளம் கட்டி, பூட்டைத் திறந்துவிட்டா நடக்கறவங்களுக்கும் உதவும். ஆனா வாரத்துல மீதி ஆறு நாள் ஜனங்க வேலைக்குப் போறாங்க, பிள்ளையைக் கூட்டிட்டுப் போறாங்க, ரொட்டி வாங்கறாங்க. அவங்க ஏற்கெனவே தெருவுலதான் போறாங்க. நாம அவங்களுக்கு வழியைக் காட்ட வேண்டாம், பயத்தை எடுத்தா போதும்."

ஐந்து பேர் கை தூக்கினார்கள், இரண்டு பேர் தூக்கவில்லை. காலணிக்கடைக்காரர் அன்றே ஓர் எதிர்ப்பு மனு கொடுத்தார். அது இன்னும் கோப்பில் இருக்கிறது. தலைமைப் பொறியாளர் வெளியே வரும்போது, "நிம்மதியா வீட்டுக்குப் போக விடுங்கன்னு கேட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் சம்சாரம் சைக்கிள் வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. எந்த உயரம் வாங்கறதுன்னு உங்க நாத்தனார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

மூன்று மாதத்தில் நிஜமான பாதை வந்தது. மெத்தைகள் போய்க் கல்விளிம்பு வந்தது, தார் புதிதாக விழுந்தது. திறந்த அன்று விழா ஒன்றும் இல்லை, தடுப்பை எடுத்தார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் நாத்தனாரின் வேலை முடியும் வரை காத்திருந்து, அவளோடு சேர்ந்து கோடம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

பன்னிரண்டு நிமிஷ வழி. ஆனால் ரொட்டிக்கடை அக்கா கையைக் காட்டி நிறுத்தி, தன் வாசலில் சாக்கடை மூடி ஒன்று சக்கரம் ஏறும்போதெல்லாம் 'டங்'கென்று அடிப்பதாகப் புகார் சொன்னாள். கோடம்மா இறங்கி, அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டாள். தையல்காரர் தண்ணீர் தேங்கும் இடத்தைக் காட்டினார். காலணிக்கடைக்காரர் புகார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தன் வாசலில் சைக்கிள் நிறுத்த நாலு வளையம் வைப்பீர்களா என்று யாருக்காகவோ கேட்கிற மாதிரி கேட்டார். அதையும் எழுதிக்கொண்டாள். நாத்தனார் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, வாங்கிய ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி காத்திருந்தாள்.

"அண்ணி, இப்படியே போனா நாளைக்குத்தான் வீடு போய்ச் சேருவோம்."

"வரேன், வரேன். அந்த மூடியை மட்டும் இன்னொரு தடவை பாத்துட்டு வரேன்."